வலிமையான காந்தப்புலத்தில் ஃபெர்ரோ காந்த மீக்கடத்திகள்: புல–வெப்பநிலை வரைபடத்தைக் கையால் வரைந்து படிக்கும் முறை

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளில் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவர்களையும், அவர்களுக்குத் திடநிலை இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் பாயும் நிலையான மீக்கடத்தல் குறித்த பாடத்தை முடிக்கும்போது நாம் அனைவரும் கரும்பலகையில் ஒரு வளைகோட்டை வரைகிறோம். கிடை அச்சில் வெப்பநிலை, நிலை அச்சில் காந்தப்புலம். வெப்பநிலை கூடினாலும் மீக்கடத்தல் அழியும், புலம் கூடினாலும் அழியும். அந்தக் கோடு பெரும்பாலான உலோகங்களுக்குச் சரியே. ஆனால் யுரேனியத்தை அடிப்படையாகக் கொண்ட சில சேர்மங்களில் புலத்தைக் கூட்டும்போது மீக்கடத்தல் ஒருமுறை மறைந்து, மேலும் கூட்டும்போது திரும்பி வருகிறது. இதைச் சொன்னவுடன் வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி, "ஏனுங்க சார், புலத்தக் கூட்டுனா மீக்கடத்தல் போயிருமுன்னுதானுங்க படிச்சோம்?" என்பது. மிகச் சரியான கேள்வி. அதற்கு வாய்மொழியாக விளக்கம் சொல்வதைவிட, கிராஃப் தாளைக் கொடுத்து வரையச் சொல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பொருள்களை நம் கல்லூரி ஆய்வகங்களில் தயாரிக்க முடியாது. யுரேனியம் நம் நாட்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதற்கு மேல், அளவீடுகள் யாவும் 1 கெல்வினுக்குக் கீழே, பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வெப்பநிலையில் நடக்க வேண்டும். ஆனால் அளந்து வெளியிடப்பட்ட எண்களைக் கொண்டு வரைபடத்தை அமைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தேடுவதற்குக் கிராஃப் தாள், கணிப்பான், பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

தொடங்கும் முன் அளவுகளை உணர்ந்துகொள்ளுங்கள். கோயம்புத்தூரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. நகரின் மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளின் புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. அந்தப் புலத்தை உண்டாக்குவதே திரவ ஹீலியத்தில் மூழ்கிய நியோபியம்–டைட்டானியம் மீக்கடத்திக் கம்பிச் சுருள்தான். நாம் வரையப்போகும் முக்கியப் புள்ளி 12 டெஸ்லாவில் இருக்கிறது, அதாவது நம் ஊரின் இயற்கைப் புலத்தைப்போல ஏறத்தாழ மூன்று லட்சம் மடங்கு. காந்தத்தன்மையின் பக்கத்திலும் ஓர் ஒப்பீட்டை வைத்துக்கொள்ளலாம். சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் மேக்னடைட் தாது சுமார் 580 டிகிரி செல்சியஸ் வரை தன் காந்த ஒழுங்கை இழப்பதில்லை. நாம் பார்க்கப்போகும் சேர்மம் 9.5 கெல்வினுக்குக் கீழேதான் ஃபெர்ரோ காந்தமாகிறது, அதாவது அணுக்களின் சிறு காந்தங்களான காந்தத் திருப்புத்திறன்கள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் புலம் சில இடங்களில் டெஸ்லாவிலும், பழையவற்றில் கிலோ ஆர்ஸ்டெட் அளவிலும் இருக்கும். பத்து கிலோ ஆர்ஸ்டெட் ஒரு டெஸ்லாவுக்குச் சமம் என்று கொண்டு, எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள்.

பொருள்களை அறிந்துகொள்ளுதல்

ஃபெர்ரோ காந்தமும் மீக்கடத்தலும் ஒன்றுக்கொன்று பகை என்பதை 1950களிலேயே சோவியத் இயற்பியலாளர் கின்ஸ்பர்க் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 1977-இல் கண்டறியப்பட்ட எர்பியம் ரோடியம் போரைடு அதை உறுதிசெய்வதுபோல் நடந்துகொண்டது: 8.7 கெல்வினில் மீக்கடத்தியாகி, சுமார் 0.9 கெல்வினில் எர்பியம் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஃபெர்ரோ காந்த முறையில் அணிவகுத்தவுடன் மீக்கடத்தலைக் கைவிட்டது. 1994-இல் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டறியப்பட்ட நிக்கல் போரோகார்பைடு குடும்பத்தில், எர்பியம் கலந்த உறுப்பினர் மீக்கடத்தலையும் மெலிந்த ஃபெர்ரோ காந்தத்தையும் சேர்த்தே தாங்குகிறது. ஆயினும் அங்கே காந்தம் எர்பியத்தின் உள்கூட்டு எலக்ட்ரான்களுக்கும், மீக்கடத்தல் வேறு எலக்ட்ரான்களுக்கும் உரியது. ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

யுரேனியச் சேர்மங்களின் சிறப்பு, காந்தமும் மீக்கடத்தலும் ஒரே எலக்ட்ரான்களால் உண்டாவது. 2000-இல் யுரேனியம் டைஜெர்மனைடு ஏறத்தாழ 1 முதல் 1.6 ஜிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில், ஃபெர்ரோ காந்த நிலைக்குள்ளேயே மீக்கடத்தியாவது கண்டறியப்பட்டது. 2001-இல் யுரேனியம் ரோடியம் ஜெர்மானியச் சேர்மம், எந்த அழுத்தமும் இல்லாமல் சுமார் 0.25 கெல்வினில் அதே நடத்தையைக் காட்டியது. 2007-இல் யுரேனியம் கோபால்ட் ஜெர்மானியச் சேர்மம் சேர்ந்தது. அதன் கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ காந்த ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை) சுமார் 3 கெல்வின், மீக்கடத்தல் வெப்பநிலை சுமார் 0.6 கெல்வின். இனி இவற்றை ரோடியச் சேர்மம், கோபால்ட் சேர்மம் என்று சுருக்கிச் சொல்கிறேன். முதல் வரைபடத்துக்கு ரோடியச் சேர்மத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் என்ற மூன்றாவது மாறி அதில் குறுக்கிடுவதில்லை.

திசையை முதலில் குறியுங்கள்

மாணவர்கள் புலத்தின் அளவை முதலில் எழுதுகிறார்கள். இந்தப் பொருள்களில் திசையையே முதலில் எழுத வேண்டும். ரோடியச் சேர்மத்தின் படிகம் செஞ்சாய்சதுர வகையைச் சேர்ந்தது. அதன் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை, ஆனால் சமமானவை அல்ல. காந்தத் திருப்புத்திறன், ஒரு யுரேனியம் அணுவுக்குச் சுமார் 0.4 போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தின் அலகு) அளவில், சி அச்சின் திசையில் நிற்கிறது. எனவே சி எளிய அச்சு. அதற்குச் செங்குத்தான பி அச்சின் வழியே புலத்தைச் செலுத்தினால் திருப்புத்திறன் அதை எதிர்த்து நின்று, புலம் பெருகப் பெருக மெல்லச் சாய்கிறது.

தாளின் மேல் மூலையில் மூன்று அம்புகளை வரைந்து, சி அம்பைத் தடிமனாக்கி, அளவீட்டில் புலம் எந்த அம்பின் வழியே செல்கிறது என்பதை வேறு நிறத்தில் குறித்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ஒரே மாதிரிப் படிகம், ஒரே 12 டெஸ்லா: பி அச்சில் செலுத்தினால் மீக்கடத்தல் உச்சத்தில் இருக்கும், சி அச்சில் செலுத்தினால் சுவடே இருக்காது. அளவை மட்டும் எழுதி வைத்தவருக்கு இந்த இரு முடிவுகளும் முரண்பாடாகவே தோன்றும்.

இரண்டு எல்லைகளைக் கணக்கிடுங்கள்

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கூப்பர் இணைகளாய்ச் சேர்ந்திருக்கின்றன. வெளிப்புலம் ஒரு கூப்பர் இணையை இரண்டு வழிகளில் உடைக்கிறது. சாதாரண மீக்கடத்தியில் இணையின் இரு எலக்ட்ரான்களும் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்டவை. புலம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்ப முயல்கிறது; அதனால் கிடைக்கும் ஆற்றல் ஆதாயம் இணை சேர்வதன் ஆதாயத்தை மிஞ்சும்போது இணை முறிகிறது. இதுவே பாலி எல்லை. 1962-இல் கிளாக்ஸ்டனும் சந்திரசேகரும் தனித்தனியே இதைக் கணக்கிட்டார்கள். (இவர் பி. எஸ். சந்திரசேகர், விண்மீன்களின் நிறை வரம்பைக் கண்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர். தேர்வுத் தாள்களில் இருவரும் அடிக்கடி ஒருவராகிவிடுகிறார்கள்.) எளிய வடிவில், மீக்கடத்தல் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதி 1.84-ஆல் பெருக்கினால் பாலி எல்லை டெஸ்லாவில் கிடைக்கும்.

ரோடியச் சேர்மத்துக்கு 0.25-ஐ 1.84-ஆல் பெருக்கினால் 0.46 டெஸ்லா. இந்த எண்ணைத் தாளில் கிடைக்கோடாக வரையுங்கள். அதன்பின் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அளக்கப்பட்ட மேல் மாறுநிலைப் புலங்களை (மீக்கடத்தல் முற்றிலும் அழியும் புலங்களை) குறியுங்கள்: ஏ அச்சில் சுமார் 2.5 டெஸ்லா, பி அச்சில் சுமார் 2, சி அச்சில் சுமார் 0.7. மூன்றுமே கோட்டுக்கு மேலே விழுகின்றன. ஒரு திசையில் மட்டும் மீறியிருந்தால் வேறு காரணம் தேடலாம். மூன்று திசைகளிலும் மீறியிருப்பதால், எதிரெதிர்த் தற்சுழற்சி இணை என்ற அடிப்படையையே கைவிட வேண்டியிருக்கிறது. இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும் மும்மைநிலை இணையாக இருந்தால், புலம் அவற்றைத் திருப்பி ஆதாயம் பெற வழியில்லை. பாலி எல்லை செயலற்றுப்போகிறது. ஃபெர்ரோ காந்தத்துக்குள் மீக்கடத்தல் பிழைத்திருப்பதற்கும் இதுவே காரணம் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

எஞ்சுவது சுற்றுப்பாதை எல்லை. புலம் சுழல்களாக உள்ளே நுழைகிறது. ஒவ்வொரு சுழலின் நடுவிலும் மீக்கடத்தல் இல்லை. சுழல்கள் நெருங்கி ஒன்றையொன்று தொடும்போது மீக்கடத்தல் முடிகிறது. சுழலின் அளவு ஓரியல் நீளத்தால், அதாவது ஒரு கூப்பர் இணை பரவியிருக்கும் தூரத்தால், அமைகிறது. காந்தப் பாய அலகான 2.07 × 10⁻¹⁵ வெபரை, பையின் இரு மடங்காலும் ஓரியல் நீளத்தின் இருபடியாலும் வகுத்தால் மேல் மாறுநிலைப் புலம் வரும். இதைத் திருப்பிப் போட்டு ஓரியல் நீளத்தைக் கண்டுபிடியுங்கள்: 2 டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 13 நானோமீட்டர், 12 டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 5 நானோமீட்டர்.

சுழல் சிறிதாக இருப்பதற்குக் காரணம் எலக்ட்ரானின் வேகம் குறைவு, அதாவது பயனுறு நிறை அதிகம். இதைச் சரிபார்க்க நியோபியத்துடன் ஒப்பிடலாம். நியோபியம் 9.2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, ஆனால் அதன் மேல் மாறுநிலைப் புலம் சுமார் 0.4 டெஸ்லாதான். மீக்கடத்தல் வெப்பநிலை, அந்த வெப்பநிலைக்கு அருகே மேல் மாறுநிலைப் புலக் கோட்டின் சரிவு, சுமார் 0.7 என்னும் காரணி ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே தாழ்வெப்பநிலைச் சுற்றுப்பாதை எல்லை என்ற தோராய விதியைத் திருப்பிப் பயன்படுத்தினால், நியோபியத்தின் சரிவு கெல்வினுக்கு 0.06 டெஸ்லா என்றும், ரோடியச் சேர்மத்தின் பி அச்சுச் சரிவு கெல்வினுக்குச் சுமார் 11 டெஸ்லா என்றும் வரும். இந்தப் பெரும் வேறுபாட்டைக் கண்டு கணக்கில் பிழை என்று நினைக்க வேண்டாம். ரோடியச் சேர்மத்தில், எலக்ட்ரான்களின் நிறையோடு கூடும் மின்னணு வெப்ப ஏற்புக் கெழு மோலுக்குச் சுமார் 160 மில்லிஜூல், கெல்வின் இருபடிக்கு. தாமிரத்தில் அது 0.7 மட்டுமே. எலக்ட்ரான்கள் உண்மையிலேயே கனமாகியிருக்கின்றன.

ரோடியச் சேர்மத்தின் வரைபடம்

இப்போது புலம் பி அச்சில் மட்டும் செல்கிறது என்று கொண்டு புதிய தாளை எடுங்கள். கிடை அச்சில் 0 முதல் 16 டெஸ்லா வரை குறியுங்கள். நிலை அச்சில் வெப்பநிலை 0.05 முதல் 10 கெல்வின் வரை வர வேண்டியிருப்பதால் மடக்கை அளவுகோலைப் பயன்படுத்துங்கள். நேரியல் அளவுகோலில் வரைந்தால் மீக்கடத்தல் பகுதி தாளின் அடியில் மெல்லிய கோடாக ஒட்டிக்கொள்ளும்; அந்தப் பகுதிதான் நமக்கு வேண்டியது.

முதலில் காந்தக் கோட்டை வரையுங்கள். புலமற்ற நிலையில் 9.5 கெல்வினில் தொடங்கும் கியூரி வெப்பநிலை, பி அச்சுப் புலம் கூடக்கூட முதலில் மெதுவாகவும் பின்பு விரைவாகவும் தாழ்ந்து, சுமார் 12 டெஸ்லாவில் வெப்பநிலை அச்சின் அடியை நோக்கி விழுகிறது. விழும் இடத்துக்கு அருகில் அந்த மாற்றம் முதல் வகை மாற்றமாகிவிடுகிறது, அதாவது சி அச்சில் நின்ற திருப்புத்திறன் திடீரென்று பி அச்சுக்குத் திரும்புகிறது. அந்த இறுதிப் பகுதியைத் தொடர்கோடாகவும், மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைவது நல்ல பழக்கம்.

அடுத்து மீக்கடத்தல். புலமற்ற நிலையில் 0.25 கெல்வினில் தொடங்கி 2 டெஸ்லாவை நெருங்கும்போது அடியைத் தொடும் சிறிய குவிமாடம் ஒன்று. பாடநூல் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடுகிறது. 2 முதல் 8 டெஸ்லா வரை பொருள் சாதாரண உலோகம், மின்தடை இருக்கிறது. சுமார் 8 டெஸ்லாவில் மின்தடை மீண்டும் சுழியாகிறது. அங்கிருந்து எழும் இரண்டாவது குவிமாடம் 12 டெஸ்லா அருகே சுமார் 0.4 கெல்வின் உயரத்தை எட்டி, 13 டெஸ்லா அளவில் முடிகிறது. 2005-இல் பிரான்சின் கிரெனோபிளில் பணியாற்றிய லெவி, ஷெய்கின், கிரெனியே, ஹக்ஸ்லி ஆகியோர் வெளியிட்ட முடிவு இது. இரண்டாவது குவிமாடம் முதலாவதைவிட உயரமாக இருப்பதை மாணவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எந்தப் புலமும் இல்லாதபோது இருந்ததைவிட 12 டெஸ்லாவில் மீக்கடத்தல் உறுதியாக இருக்கிறது. புலம் மீக்கடத்தலைப் பொறுத்துக்கொள்கிறது என்பதோடு நிற்காமல், அதை வளர்க்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இனி இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது குவிமாடத்தின் உச்சி, கியூரி கோடு விழும் இடத்திலேயே அமர்ந்திருக்கிறது. காந்த ஒழுங்கு தளரும் எல்லையில் காந்த ஏற்ற இறக்கங்கள் மிகுகின்றன. இந்தப் பொருள்களில் இணையைக் கட்டும் பசை படிக அணிக்கோவையின் அதிர்வுகள் அல்ல, இந்தக் காந்த ஏற்ற இறக்கங்களே என்ற கருத்துக்கு இந்த ஒரு தற்செயலற்ற பொருத்தம் வலுவான ஆதாரம். ரோடியச் சேர்மத்திலும் கோபால்ட் சேர்மத்திலும் செய்யப்பட்ட அணுக்கரு காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் இதையே ஆதரிக்கின்றன. ஆக, புலம் ஒரே நேரத்தில் இரு வேலை செய்கிறது: சுழல்களைப் பெருக்கி மீக்கடத்தலைக் குறைக்கிறது, காந்த ஒழுங்கைத் தளர்த்திப் பசையைக் கூட்டுகிறது. நீரை இறைத்துக்கொண்டே ஊற்றுக்கண்ணையும் தோண்டினால், கிணற்றின் நீர்மட்டம் முதலில் தாழ்ந்து பின்பு ஏறுவது போன்றது இது. வரைபடத்தின் எந்த இடத்தை விளக்கும்போதும் இந்த இரண்டில் எது அங்கே மேலோங்கியிருக்கிறது என்று கேளுங்கள்.

பசை சற்றே கூடினால் என்ன ஆகும் என்று கணக்கிடுதல்

மேலே சொன்னது வெறும் வருணனையாக நின்றுவிடாதிருக்க ஓர் எண் கணக்குச் செய்ய வேண்டும். பிணைப்பின் வலிமையை ஓர் எண்ணால் குறிப்போம். பயனுறு நிறை, ஒன்றுடன் அந்த எண்ணைக் கூட்டிய தொகைக்கு நேர்த்தகவில் இருக்கிறது. மீக்கடத்தல் வெப்பநிலை, அந்தத் தொகையைப் பிணைப்பு எண்ணால் வகுத்து, எதிர்க்குறியிட்டு, அடுக்குச் சார்பில் இட்டால் கிடைப்பதற்கு நேர்த்தகவு. சுற்றுப்பாதை எல்லை, பயனுறு நிறையும் மீக்கடத்தல் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கற்பலனின் இருபடிக்கு நேர்த்தகவு.

பிணைப்பு எண் 0.6-இலிருந்து 0.8 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், அளவீடுகள் அல்ல. நிறை 1.6-இலிருந்து 1.8 ஆகிறது, அதாவது 1.125 மடங்கு. அடுக்குச் சார்பின் மதிப்பு 0.0695-இலிருந்து 0.105 ஆகிறது, அதாவது ஏறத்தாழ 1.5 மடங்கு. இரண்டின் பெருக்கற்பலன் 1.7, அதன் இருபடி 2.9. பிணைப்பில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு, சுற்றுப்பாதை எல்லையை ஏறத்தாழ மூன்று மடங்காக்கிவிடுகிறது. பிணைப்பு எண் புலத்தோடு மாறுகிறது என்று கொண்டு, ஒவ்வொரு புலத்திலும் இந்த எல்லையைத் தனித்தனியே கணக்கிடுங்கள். எல்லை, செலுத்தப்பட்ட புலத்தைவிட அதிகமாக உள்ள இடமெல்லாம் மீக்கடத்தல். குறைவாக உள்ள இடமெல்லாம் சாதாரண உலோகம். எல்லையும் செலுத்தப்பட்ட புலமும் சமமாகும் நேர்கோட்டைப் புலக் கோடு என்று கொண்டால், 2 முதல் 8 டெஸ்லா வரை எல்லைக் கோடு புலக் கோட்டுக்குக் கீழேயும், 8 முதல் 13 வரை மேலேயும் செல்லுமாறு ஒரு வளைகோட்டை நீங்களே வரைந்துவிடலாம். மறைந்த மீக்கடத்தல் திரும்பி வருவதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். ஜக்கரினோவும் பீட்டரும் 1962-இல் வேறொரு வழியைக் காட்டினார்கள்: பொருளுக்குள் உள்ள காந்த அயனிகளின் பரிமாற்றப் புலம் வெளிப்புலத்துக்கு எதிராக இருந்தால், குறிப்பிட்ட வெளிப்புலத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து மீக்கடத்தலை அனுமதிக்கும். யூரோப்பியம் கலந்த மாலிப்டினச் சல்ஃபைடு வகைப் பொருளில் 1984-இல் இது காணப்பட்டது. அந்த வழி பாலி எல்லையைத் தவிர்க்க மட்டுமே உதவும். ரோடியச் சேர்மத்தில் பாலி எல்லை முன்பே செயலற்றுப்போனதை நாம் எண்களால் பார்த்துவிட்டோம். எனவே அந்த விளக்கத்தை இங்கே பொருத்தக் கூடாது.

சாய்வுக் கோணத்தைச் சோதித்தல்

கட்டுரைகளில் இரண்டு குழுக்களின் முடிவுகள் ஒத்துப்போகாததாகத் தோன்றினால், பெரும்பாலும் படிகம் சில டிகிரி சாய்ந்திருந்ததே காரணமாக இருக்கும். 12 டெஸ்லாப் புலம் பி அச்சிலிருந்து சி அச்சை நோக்கி 5 டிகிரி சாய்ந்தால், சி அச்சுக் கூறு 12 பெருக்கல் 5 டிகிரியின் சைன், அதாவது ஒரு டெஸ்லாவுக்குச் சற்று அதிகம். எளிய அச்சில் செல்லும் ஒரு டெஸ்லா காந்தத் திருப்புத்திறனை அதன் இடத்தில் இறுக்கி, ஏற்ற இறக்கங்களை அடக்கிவிடுகிறது. எனவேதான் சி அச்சை நோக்கிச் சில டிகிரி சாய்த்தாலே இரண்டாவது குவிமாடம் மறைகிறது. ஏ அச்சை நோக்கிச் சாய்த்தால் நிலைமை தலைகீழ்: சி அச்சுக் கூறு எதுவும் சேர்வதில்லை, மீக்கடத்தல் 28 டெஸ்லாவைத் தாண்டியும் நீடிப்பது 2007-இல் காட்டப்பட்டது. சாய்வை டிகிரியில் மட்டும் எழுதாமல், எளிய அச்சுக் கூறாக மாற்றி டெஸ்லாவிலும் எழுதுங்கள். உயர்ந்த புலத்தில் ஒரு டிகிரி என்பது சிறிய எண் அல்ல.

கோபால்ட் சேர்மத்தில் இந்தக் கூர்மை இன்னும் அதிகம். சி அச்சில் அதன் மேல் மாறுநிலைப் புலம் ஏறத்தாழ அரை டெஸ்லா, பி அச்சிலோ 20 டெஸ்லாவுக்கும் மேல். 20 டெஸ்லாவில் ஒரு டிகிரி சாய்ந்தாலே சி அச்சுக் கூறு 0.35 டெஸ்லா ஆகிவிடுகிறது. பி அச்சு வரைபடத்தில் அந்தச் சேர்மத்துக்கு இரண்டு தனிக் குவிமாடங்கள் இல்லை. கோடு நடுவில் நெளிந்து எஸ் வடிவில் மேலேறுகிறது. சுற்றுப்பாதை எல்லை புலக் கோட்டுக்குக் கீழே இறங்காமல் அதை உரசிக்கொண்டு போகிறது என்று நம் முந்தைய படத்திலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம். யுரேனியம் டைஜெர்மனைடில், அழுத்தத்தோடு எளிய அச்சுப் புலமும் சேர்ந்து, ஒரு ஃபெர்ரோ காந்த நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் இதுபோன்ற நெளிவு தோன்றுகிறது.

மின்தடைக் கோட்டை நம்பும் முன்

புலத்துக்கு எதிராக மின்தடையை வரைந்த கோடு கீழே இறங்குவதைக் கண்டவுடன் மீக்கடத்தல் என்று எழுதிவிடக் கூடாது. திருப்புத்திறன் திசை மாறும் இடத்தில் எலக்ட்ரான் சிதறலும் மாறுவதால், மீக்கடத்தல் இல்லாமலேயே மின்தடை சரியலாம். மின்தடை சுழியை எட்டுகிறதா, மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்த நிலை சிதைகிறதா, வெப்பநிலையை உயர்த்தினால் பகுதி சுருங்கி மறைகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். காந்த ஏற்புத்திறன் அல்லது வெப்ப ஏற்புத்திறன் அளவீடும் துணை நின்றால் உறுதி கூடும்.

படிகத்தின் தூய்மையும் முக்கியம். மும்மைநிலை இணை சாதாரண மாசுகளாலும் உடையக்கூடியது. அறை வெப்பநிலை மின்தடையைத் தாழ்வெப்பநிலையின் எஞ்சிய மின்தடையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் கட்டுரையில் எங்கே தரப்பட்டிருக்கிறது என்று தேடி, வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைக்கவும். தாழ்ந்த விகிதம் கொண்ட படிகத்தில் மீக்கடத்தல் தென்படவில்லை என்பது கோட்பாட்டுக்கு எதிரான ஆதாரமாகாது.

சுமார் 45 டெஸ்லாவுக்கு மேற்பட்ட புலங்கள் மின்தேக்கி வங்கியிலிருந்து நொடியின் சிறு பகுதிக்குள் பாயும் துடிப்புகளாகவே கிடைக்கின்றன. வேகமாக மாறும் புலம் படிகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி அதைச் சூடாக்கும், 0.5 கெல்வினில் சிறு வெப்பமும் பெரிய பிழை. புலம் ஏறும்போது எடுத்த கோட்டையும் இறங்கும்போது எடுத்த கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் விலகினால் சூடேற்றம் இருக்கலாம், அல்லது முதல் வகை மாற்றத்துக்கு உரிய தயக்கமாகவும் இருக்கலாம். துடிப்பின் வேகத்தை மாற்றியபோது விலகல் மாறினால் முன்னது, மாறாவிட்டால் பின்னது.

யுரேனியம் டைடெல்லுரைடுக்குத் தனித்தாள்

2018-இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட யுரேனியம் டைடெல்லுரைடு இந்தக் குடும்பத்தின் புதிய உறுப்பினர் என்றே தொடக்கத்தில் பேசப்பட்டது. ஆனால் அது ஃபெர்ரோ காந்தமாக ஒழுங்குறுவதில்லை; நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் அதில் எதிர் ஃபெர்ரோ காந்த ஏற்ற இறக்கங்களை (அடுத்தடுத்த திருப்புத்திறன்கள் எதிரெதிராக நிற்க முயலும் வகை) கண்டன. ஆகவே ரோடியச் சேர்மத்தின் விளக்கத்தை அப்படியே அதன்மேல் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. எண்களோ வியப்பூட்டுபவை. முதலில் அளக்கப்பட்ட படிகங்களில் மீக்கடத்தல் வெப்பநிலை 1.6 கெல்வின், எனவே பாலி எல்லை 2.9 டெஸ்லா; பி அச்சில் மீக்கடத்தல் 35 டெஸ்லா வரை செல்கிறது. அங்கே காந்தமாக்கல் திடீரென்று தாவுகிறது, மீக்கடத்தல் அறுந்துபோகிறது. ஆனால் புலத்தை பி அச்சிலிருந்து சி அச்சை நோக்கி ஏறத்தாழ 30 டிகிரி சாய்த்தால், காந்தமாக்கல் தாவிய பிறகு, 40 டெஸ்லாவுக்கு மேல் மற்றொரு மீக்கடத்தல் பகுதி தோன்றி 60 டெஸ்லாவுக்கு அப்பாலும் நீள்கிறது. ரோடியச் சேர்மத்தில் மீக்கடத்தலை அழித்த சாய்வுத் திசையே இங்கே அதை உண்டாக்குகிறது.

இதற்கு வெப்பநிலையை அச்சாகக் கொண்ட வரைபடம் போதாது. கிடை அச்சில் பி-யிலிருந்து சி-க்குச் செல்லும் கோணத்தை 0 முதல் 90 டிகிரி வரையிலும், நிலை அச்சில் புலத்தை 0 முதல் 70 டெஸ்லா வரையிலும் குறித்து, காந்தமாக்கல் தாவும் கோட்டை முதலில் வரையுங்கள். 0 டிகிரியில் 35 டெஸ்லாவில் தொடங்கும் அந்தக் கோடு, கோணம் கூடக்கூட மேலேறும். அதன் பிறகு மீக்கடத்தல் பகுதிகளை நிறமிட்டு, எந்தப் பகுதி கோட்டுக்குக் கீழே முடிகிறது, எந்தப் பகுதி கோட்டின் மேல்விளிம்பில் தொடங்குகிறது என்பதைத் தனித்தனியே எழுதுங்கள்.